ஆண்பாற்சொல் பெண்ணையும் அடக்குமோ?

ஆங்கில பாஷையிலே ‘மேன்’ என்பதும் ‘ஹீ’ என்பதும் இலக்கண வசதிக்காக ஆண்பாலில் நிற்பனவேயன்றி, உண்மையிலே பெண்களையும் தம்முள் அடக்கிக்கொள்வன என்னும் அபிப்பிராயம், கற்றோர் மத்தியிலும் கந்தோர் வியவகாரங்களிலும் இன்றுவரை கேள்வியின்றி நடமாடி வருகின்றது. அதனை நான் ஒப்புக்கொள்ளேன்.

பாலையூற்றிலே என் வீட்டு விறாந்தையிலிருந்து அயலவர்க்கு ஆங்கிலப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். கணவனை இழந்தபின் துறையிலே மீன் விற்றும் கருவாடு போட்டும் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாய், ‘பிஷர்மேன்’ என்று தலைப்பிட்ட தாளொன்றை ஒருநாள் நீட்டினார். நான் பொருள் சொன்னதும், “தம்பி, அப்ப இது ஆம்பிளையளின்ர கடதாசியோ? பிழையாய் வாங்கிக்கொண்டு வந்திட்டனோ?” என்று பதறினார். பெண்களும் அச்சொல்லுள் அடக்கமென்று, தாளைக் கொடுத்த கந்தோரில் பின்னர் எனக்குச் சமாதானம் கூறினார்கள். தம்மை அச்சொல்லுக்குள் காணாத அந்தத் தாயின் கண்ணே நேரிய கண் என்பதற்குச் சரித்திரம் சாட்சி.

சட்டங்களில் வரும் ஆண்பாற்சொற்கள் பெண்களையும் குறிக்குமென 1850ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்திருந்தது. 1867இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது, மசோதாவில் ‘மேன்’ நின்ற இடத்திலே ‘பேர்சன்’ என்று எழுதுமாறு ஜோன் ஸ்டூவர்ட் மில் பிரேரித்தார். ஆதரித்தோர் 73 பேர், எதிர்த்தோர் 196 பேர். இரு சொல்லும் ஒரே பொருளினவாயின், அந்த 196 பேரும் எதனைக் காப்பதற்காக எதிர்த்து வாக்களித்தார்கள்? அடுத்த ஆண்டே, பழைய விதியை நம்பி மன்செஸ்டர் நகரத்துப் பெண்கள் ஐயாயிரவருக்கு மேற்பட்டோர் வாக்குரிமை கோர, வழக்கு நீதிமன்றம் சென்றது. வாக்களிக்கும் ‘மேன்’ ஆணே என்று தீர்ப்பாயிற்று. வரி கட்டும்போதும் தண்டனை பெறும்போதும் பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்ட அதே சொல், அவள் உரிமை கேட்டபோது கதவடைத்தது. அவ்விதியை 1901ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டத்திலே எழுதிவைத்த இலங்கையிலும், 1931 வரை பெண்கள் சட்டசபைத் தேர்தலிலே வாக்களித்ததில்லை.

‘மீனவர்’, ‘தலைவர்’ என இருபாலார்க்கும் பொதுவான சொற்கள் நமக்கு உண்டாதலால் தமிழுக்கு இந்நோய் இல்லையென்று பெருமிதங்கொள்வோர் உளர். சொல் பொதுவானதே, கேட்கும் செவியோ ஆங்கிலக் கந்தோரிலே பழகிய செவி. தாய்மனை மகளுக்குச் சீதனமாக இறங்கும் சம்பிரதாயம் வேரூன்றிய கிழக்குக் கரையிலே, 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளுக்குப் பின் எழுந்த புதுவீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல்லை ஆண் என்றே வாசித்த காரணத்தால் ஆண்களின் பெயருக்குப் போயின. தலைமுறைகளாய்ப் பெண்ணின் உடைமையாயிருந்ததை அலை ஒருமுறை கொண்டுபோயிற்று. படிவம் மறுமுறை கொண்டுபோயிற்று. இந்த அநியாயத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு வேகின்றது.

‘பிஷர்மேன்’ என்பதை மாற்றினால் ஆங்கிலம் சிதைந்துவிடும் என அஞ்சுகின்ற நண்பர்களுக்கு, 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலேயே இயேசுவின் முதற் சீடர்கள் ‘பிஷர்’ என்று சொல்லப்பட்டிருப்பதை நினைவூட்டுகிறேன். அன்று அந்தத் தாளிலே கடைசி மூன்று ஆங்கில எழுத்துக்களையும் பேனாவால் வெட்டினேன். எஞ்சியது குறைச்சொல்லாக நிற்கவில்லை. அதன்கீழே அந்தத் தாய் தம் பெயரை எழுதினார்.