டிராம் போன வழியும் பஸ் வரவேண்டிய வழியும்

பெட்ரோலைச் சிக்கனப்படுத்துங்கள் என்று பட்டணத்தில் உபதேசம் நடக்கிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் யாருக்கு உபதேசம்? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் நெரிந்து நடந்து கடை வேலைக்குப் போகும் தொழிலாளி எதைச் சிக்கனப்படுத்துவான்? அவனுக்குக் காரா இருக்கிறது?

தோழர்களே, இந்த நகரம் ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது. 1895-இல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது இங்கேதான். பிற்பாடு மயிலாப்பூர் லஸ் வரையில் டிராம் வந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. ஆனால் 1953 ஏப்ரலில் நஷ்டக் கணக்குக் காட்டி டிராம் கம்பெனி கதவைச் சாத்தியது. தொழிலாளர் வேலை இழந்தனர். டீசல் பஸ்ஸும், பின்னர் ஸ்கூட்டரும் காரும் வீதியைப் பிடித்துக்கொண்டன. கம்பெனி தன் நஷ்டத்தை எண்ணியது. நகரத்தின் நஷ்டத்தை எண்ணியவர் யார்?

இப்போது மின்சாரம் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135. வரவேற்கிறோம்! வரவேற்றுவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கிறோம்.

முதல் கேள்வி: ஓட்டுவது யார்? நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓட்டுநரோ ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனியின் ஆள். புகை குறைவது நல்லது. அதற்காகத் தொழிலாளியின் உரிமை குறைய வேண்டுமா? இலாபம் வற்றியதும் கம்பெனி என்ன செய்யும் என்பதை டிராம் நமக்குக் காட்டிவிட்டது.

இரண்டாவது கேள்வி: மின்சாரம் எதிலிருந்து வருகிறது? அடையாற்றில் குளிர்சாதனம் ஓட, அத்திப்பட்டில் நிலக்கரி எரிகிறது. சாம்பல் சேர்வது எண்ணூர்க் கழிமுகத்தில். வலை வீசும் மீனவன் பிழைப்பில். புகை நம் தெருவில் தெரியாததால் புகையே இல்லை என்றாகிவிடுமா? பணிமனைக் கூரைகளிலும், பள்ளிக் கூரைகளிலும், மாநகராட்சிக் கட்டிடங்களிலும் சூரியத் தகடுகள் ஏறட்டும். நண்பகலில் கிடைக்கும் அந்த மின்சாரத்தை, கூட்டம் குறைந்த அந்த நேரத்திலேயே பஸ்ஸின் பேட்டரியில் ஏற்றலாமே!

வழி தெரியாமல் இல்லை. 2019-இல் பாண்டி பஜாரில் காருக்கான இடத்தைச் சுருக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள், மக்கள் நடக்கிறார்கள். 2021-இல் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது, பெண்கள் ஏறுகிறார்கள். வசதி செய்து கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அறுபது பேரைச் சுமக்கும் பஸ் அடைக்கும் இடத்தை இரண்டு, மூன்று கார்கள் அடைக்கின்றன. ஆகவே பிரதான சாலைகளில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வேண்டும். மயிலை, தியாகராயநகர், அடையாறு வழியே எழுந்துவரும் மெட்ரோ நிலையங்களுக்குச் சந்து முனையிலிருந்து சிறு பஸ் வேண்டும். நடக்கத் தகுந்த நடைபாதை வேண்டும்.

வார்டுக் கூட்டங்களில் இதைக் கேளுங்கள். தொழிற்சங்க மேடைகளில் பேசுங்கள். சிக்கன உபதேசம் போதும். பஸ் வரட்டும், பெட்ரோல் தானே குறையும்!