அமெரிக்க நர்ஸிங் ஹோம்: அம்மாவைச் சேர்த்த முதல் 3 நாள்கள் ஏன் முக்கியம்?

நம்மூரில் நர்ஸிங் ஹோம் என்றால் தெருமுனையில் இருக்கும் சின்ன தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அர்த்தமே வேறு. முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கும் இடம் அது. ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தெம்பு வராதவர்கள் சில வாரங்கள் தங்கிப் பிசியோதெரபி எடுக்கும் இடமும் அதுதான். மகன், மகளோடு அங்கேயே குடியேறிய தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இந்தக் குறுகிய காலத் தங்கல் தேவைப்படலாம்.

65 வயதுக்கு மேற்பட்டோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனையில் குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கு இந்தச் செலவை ஏற்கும். முதல் 20 நாள்களுக்கு நோயாளி எதுவும் கட்ட வேண்டாம். 21-ம் நாளிலிருந்து 100-ம் நாள் வரை தினமும் ஒரு பங்கு கட்ட வேண்டும். 2025-ல் அது நாளொன்றுக்கு 209.50 டாலர். (தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் மெடிகேர் திட்டங்களில் விதிகள் மாறும்.)

பணம் வர வேண்டுமானால், நோயாளியின் நிலையை மதிப்பிட்டு அரசுக்கு அனுப்பியாக வேண்டும். முன்பு 5, 14, 30, 60, 90 என்று நாள் கணக்கு வைத்துத் திரும்பத் திரும்ப மதிப்பிடுவார்கள். 2019 அக்டோபர் முதல் அது மாறிவிட்டது. இப்போது கட்டாயம் தொடக்கத்தில் ஒன்று, மெடிகேர் தங்கல் முடியும்போது ஒன்று. தொடக்கத்தில் செய்வதற்குப் பெயர் ‘ஐந்து நாள் மதிப்பீடு’. பெயர்தான் ஐந்து, 1 முதல் 8-ம் நாளுக்குள் எந்த நாளையும் நிர்வாகம் தேர்ந்தெடுக்கலாம். தாமதித்தால் அந்த நாள்களுக்குக் குறைந்த கட்டணம்தான் கிடைக்கும். நடுவில் இன்னொன்று செய்வது நிர்வாகத்தின் விருப்பம். செய்யாவிட்டால், முதல் மதிப்பீட்டை வைத்தே தங்கல் முழுவதற்கும் கணக்கு.

இதில் குடும்பத்தினர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சாப்பிடுவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, பத்தடி நடப்பது போன்றவற்றுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். 6 என்றால் யார் உதவியும் வேண்டாம். 1 என்றால் எல்லாமே அடுத்தவர் கையில். இதற்குப் பார்ப்பது முதல் 3 நாள்களை மட்டுமே. அதுவும் வழக்கமாக எப்படிச் செய்கிறார் என்பதைத்தான். ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு செய்து காட்டியதை அல்ல.

நம் அம்மாக்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.” அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்ற அந்தச் சங்கோஜம் இங்கே பாதகமாக முடியும். ராத்திரியில் கைத்தாங்கல் இல்லாமல் எழ முடியவில்லை என்றால், கூட இருப்பவர்கள் முதல் நாளே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

நினைவாற்றலுக்கும் ஒரு சோதனை உண்டு. சாக்ஸ், நீலம், கட்டில் என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வருடம், மாதம், கிழமை கேட்பார்கள். பிறகு அந்த மூன்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். மொத்தம் 15 மதிப்பெண். ஆங்கிலத்தில் கேட்டதால் தடுமாறும் அப்பாவுக்கு ஞாபக மறதி என்று எழுதிவிட்டால்? எந்த மொழி வசதி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்விகள் அந்தப் படிவத்திலேயே இருக்கின்றன. ‘தமிழ், வேண்டும்’ என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சேர்த்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பப் பராமரிப்புத் திட்டம் தயாராக வேண்டும்; அதன் சுருக்கத்தை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விரிவான சேர்க்கை மதிப்பீட்டுக்கோ 14-ம் நாள் வரை அவகாசம். பத்தே நாளில் வீடு திரும்புபவருக்கு அது நடக்காமலே போகலாம். அதனால் 48 மணி நேரச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கிளம்பும் நேரத்தில், கடைசி 3 நாள்களைப் பார்த்து அதே 1 முதல் 6 மதிப்பெண். சேரும்போது ‘நடப்பார்’ என்று 6 போட்டிருந்தால், மூன்று வாரப் பயிற்சியில் அவர் தேறியது அந்தத் தாளில் தெரியவே தெரியாது.