பழசாக்கியவர்கள் நாங்கள்

கற்பிட்டிக் களப்பில் ஒவ்வொரு சீசன் முடிவிலும் நல்ல கைட் சில குப்பைக்குப் போகின்றன. கேட்டால், "காத்து கிழிச்சுப் போட்டுச்சு" என்கிறோம். அது பாதி உண்மைதான். காற்று ஒரே நாளில் ஒரு கைட்டைக் கிழிப்பது அரிது. கிழிவதற்கு வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் மாதக்கணக்கில் செய்து வைத்தது நாங்கள்.

நாங்கள் என்றால், பெரகலச் சந்தியிலிருந்தும் அப்புத்தளை, கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி, கொழும்பு, பாலாவி என்று மாறி மாறிக் கற்பிட்டிக்குப் போய், மே முதல் ஒக்டோபர் வரை கைட் சேர்ஃபிங் (பெரிய கைட் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) முகாம்களில் வேலை பார்க்கிற பையன்கள். பம்ப் அடிப்பது, கைட்டைத் தூக்கி விடுவது, இறங்கும்போது ஓடிப் பிடிப்பது, மாலையில் சுருட்டி வைப்பது எங்கள் பொறுப்பு. பெரகலவில் லயத்துக் கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்ற வைக்கும் அதே தென்மேல் பருவக்காற்றுதான் அங்கே எங்களுக்குச் சம்பளம் தருகிறது. அந்தக் காற்றில் பறக்கிற பொருளை நாங்கள் எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் குற்றம் வெயிலில் போட்டது. கைட்டின் துணி பொலியெஸ்டர்; சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம்தான் எடை. கிழிசல் ஓடாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் தடித்த நூல் கட்டங்கள், மேலே காற்றுப் புகாத மெல்லிய பூச்சு. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் நூலையும் பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். புதுத் துணியைக் கையில் கசக்கினால் சரசரக்கும். உயிர் போன துணி சத்தமே இல்லாமல் கைக்குள் அடங்கிவிடும். தொட்டவுடனேயே இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், கெஸ்ட் சாப்பிடப் போன நேரமெல்லாம் காற்றை இறக்காமல் மணலிலேயே கிடத்தினோம். மறுபடி பம்ப் அடிக்கச் சோம்பல். உச்சி வெயிலில் கைட்டின் காற்றடைத்த குழாய்க்குள் காற்று விரிந்து தையலை இழுத்தது. பின்விளிம்பு மணிக்கணக்கில் படபடத்துக்கொண்டு கிடந்தது. அப்படிப் படபடப்பதிலேயே அந்த விளிம்பின் துணி நைந்து போகும். பறக்கும்போதுகூட அவ்வளவு அடி படாது.

இரண்டாவது உப்பும் மணலும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் துணியிலும் கயிற்றிலும் மிஞ்சுவது கூரான பளிங்குத் துகள். அதோடு மணலும் சேர்த்து இறுக்கிச் சுருட்டினால் ஒவ்வொரு மடிப்பும் அராவிக்கொண்டேயிருக்கும். நல்ல தண்ணீர் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. கற்பிட்டி மணலில் கிணறு வெட்டினால் தண்ணீர் ஊறும். அங்கே தோட்டங்கள் விளைவது அந்தத் தண்ணீரில்தான். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. முகாமுக்கு வருகிறவர்கள் கால் கழுவ அதைத் திறந்து விட்டோம். கைட்டின் கப்பியையும், ஓட்டுகிறவர் கையில் பிடிக்கும் பாரின் பாதுகாப்புக் கொக்கியையும் கழுவ ஒரு வாளி பிடிக்கவில்லை. அந்தக் கொக்கி, ஆபத்தில் ஓட்டுகிறவர் கைட்டிடமிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளக் கழற்றுகிற கொக்கி. மணல் ஏறி இறுகினால் கழலாது.

மூன்றாவது குற்றத்தை ஊரில் செய்தோம். வெளிநாட்டவர் விட்டுப்போகிற பழைய கைட்டில் ஒன்றிரண்டு எங்கள் பங்குக்கு வரும். ஒக்டோபர் முடிந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கும்போது ஊவாவில் மழை பிடித்திருக்கும். பெரகலவில் பகலிலேயே பனிமூட்டம் காம்பராவுக்குள் வந்து போகும். ஈரம் காயாத பையை அப்படியே பரணில் ஏற்றினோம். மே மாதம் இறக்கிப் பிரித்தபோது துணியில் கரும்புள்ளிப் பூஞ்சணம், சிப்பில் துரு. முன்குழாய்க்குள் இருக்கும் மெல்லிய டியூப்பின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து இழுத்தபோது வால்வு அடியோடு பெயர்ந்து வந்தது.

அந்த டியூப்தான் கைட்டின் உயிர். தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து, அங்கிருந்தே மறுபடி எழும்பும் கைட் வேண்டுமென்று பிரான்சின் புரூனோ, டொமினிக் லெகெனியூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய் கொண்ட அமைப்புக்கு 1984இல் காப்புரிமை கேட்டார்கள். டியூப்பில் காற்று நிற்காவிட்டால் களப்பின் நடுவில் அது வெறும் நனைந்த துணி, ஆளையும் மாட்டிவிடும்.

நாலாவது, தெரியாத வைத்தியம். ஊசித்துளை விழுந்த டியூப்புக்குச் சைக்கிள் கடை ரப்பர் ஒட்டுப் போட்டோம். இந்த டியூப் பொலியூரித்தேன். ரப்பருக்கு உள்ள பசை இதில் நிலைக்காது. அரைமணி நேரத்தில் உரிந்தது. கிழிந்த துணியைத் தையல்காரரிடம் கொடுத்துப் பருத்தி நூலால் நெருக்கித் தைத்தோம். நெருங்கிய ஊசித்துளை வரிசையே அடுத்த கிழிசலுக்கு வழி போட்டது. நூலும் உப்பில் இற்றது.

ஐந்தாவது, சாகாததைச் செத்ததாகச் சொன்னது. சில கைட் மேலே போகாமல் பின்னுக்குச் சரிந்து விழும். "இது முடிஞ்சுது அண்ணே" என்று ஓரமாகப் போட்டோம். உண்மையில் கோளாறு பெரும்பாலும் கயிற்றில். 20 மீட்டருக்கு மேற்பட்ட நாலு கயிறுகளில் நடு இரண்டும்தான் அதிக இழுவையைத் தாங்குகின்றன. நாள்பட அவை நீண்டுவிடும். அப்போது ஓரக் கயிறுகள் குட்டையாகிக் கைட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். நாலு நுனியையும் ஒரே கம்பத்தில் மாட்டி, பாரைப் பிடித்துச் சமமாக இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நுனியிலுள்ள முடிச்சை மாற்றி நீளத்தைச் சமன் செய்தால் கைட் எழும்பும். சில நிமிட வேலை. அதைச் செய்து பார்க்காமலே எத்தனையோ கைட்டுக்கு மரணச் சான்றிதழ் கொடுத்தோம்.

ஏன் இப்படி இருந்தோம்? பொருள் எங்களுடையதல்ல என்ற நினைப்பு முதல் காரணம். ஒன்று போனால் முதலாளி இன்னொன்று இறக்குவார் என்ற நம்பிக்கை இரண்டாவது. 2022 அந்த நம்பிக்கையை உடைத்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. புதுக் கைட் ஒன்று பெரும்பாலும் 1000 டொலருக்குக் குறையாது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. டொலரை 300 ரூபா என்று குறைத்து வைத்துக் கணக்குப் பார்த்தாலும், அந்தச் சம்பளத்தில் ஒரு கைட்டுக்கு 200 நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

இதில் யாருக்கு நட்டம் என்று நாங்கள் யோசித்ததேயில்லை. கெஸ்ட் பெரும்பாலும் தன் கைட்டோடு வருகிறார், அதோடு போகிறார். முதலாளி பாடத்தின் விலையைக் கூட்டிக்கொள்கிறார். பழைய கைட்டில்தான் பறக்கப் பழக முடியும் என்று இருந்தவர்கள் எங்கள் பையன்கள் மட்டுமே. பம்ப் அடிக்கிற பையன் பயிற்றுநர் ஆவதற்கு அவனுக்கு விடிகாலையிலும் பொழுதுசாயும்போதும் எடுத்துப் பறக்க ஒரு கைட் வேண்டும். நாங்கள் வெயிலில் போட்டுக் கொன்ற ஒவ்வொரு கைட்டும் அப்படி ஒருவன் ஏறியிருக்க வேண்டிய படி.

இதைவிட வெட்கம், பொருளைப் பேணத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் அல்ல நாங்கள். கொழுந்து மலைக்குப் போகிற அம்மாமார் இடுப்பில் கட்டுகிற படங்கை எப்படி வைத்திருக்கிறார்கள்? மாலையில் வந்ததும் சேறு போகக் கழுவி, இஸ்தோப்பில் விரித்துக் காயவைத்து, ஓட்டை விழுந்த இடத்தில் துண்டு வைத்துத் தைத்து, மறுநாள் அதையே கட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் மூன்று இலட்சம் ரூபாப் பொருளை நனைந்தபடி மூட்டை கட்டினோம்.

திருத்திக்கொள்ள வேண்டியவற்றில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பறக்காத நேரத்தில் காற்றை இறக்கி நிழலில் வைக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, தளர்வாகச் சுருட்ட வேண்டும். சீசன் முடிவில் டியூப்பை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் குறித்து, அதற்கென்று விற்கும் ஒட்டுத்துண்டைப் போட வேண்டும். பிறகு ஈரம் துடைத்து, பவுடர் தூவி உள்ளே விட வேண்டும். சின்னக் கிழிசலுக்கு இரு பக்கமும் ரிப்ஸ்டொப் டேப் (அதே கட்டத் துணியாலான ஒட்டுநாடா). பெரிய கிழிசலுக்கு டேப்பின் மேல் பொலியெஸ்டர் நூலால் சிக்சாக் தையல். கயிற்றை அடிக்கடி கம்பத்தில் மாட்டி அளக்க வேண்டும். நைந்த கயிறு, இறுகிய கொக்கி இரண்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. உடனே மாற்ற வேண்டும். ஊருக்குக் கொண்டுவருகிற கைட்டைப் பனி ஏறும் பரணில் வைக்காமல், அடிக்கடி பிரித்துக் காற்றாட விட வேண்டும். துணியே செத்துப்போன கைட்டை மட்டும் வெட்டிப் பையாகத் தைக்கலாம். அதில் ஆளை ஏற்றக் கூடாது.

அடுத்த மே மாதம் பெரகலச் சந்தியில் பஸ் ஏறுகிற தம்பிமாருக்கு: எங்களிடம் வேலை பழகுங்கள், எங்கள் சோம்பலைப் பழகாதீர்கள். கைட் தரைக்கு வந்ததும் காற்றை இறக்குங்கள். மறுபடி அடிக்கக் கை வலிக்கத்தான் செய்யும். பத்து நிமிடத்தில் அந்த வலி போய்விடும். வெயிலில் இற்ற துணியை எந்தத் தையல்காரராலும் திருப்பித் தர முடியாது.