சைக்கிளின் கழுத்து வலி

ஹெட்செட் என்றதும் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற சமாச்சாரம்தான் பலருக்கு ஞாபகம் வரும். சைக்கிளிலும் ஒரு ஹெட்செட் இருக்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் முன்பக்கத்தில் குட்டையாக ஒரு குழாய் நிற்கிறதல்லவா? அதன் மேல்வாயில் ஒரு பேரிங், கீழ்வாயில் ஒரு பேரிங். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் ஃபோர்க்கின் தண்டு திரும்புகிறது. சைக்கிளின் கழுத்து என்று சொன்னால் தப்பில்லை.

கியர், டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன்... மலைச் சைக்கிள் வாங்குகிறவர்கள் வாய் ஓயாமல் பேசுவது இவற்றைப் பற்றித்தான். கழுத்தைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. காரணம் எளிது. ஹெட்செட்டைச் சுத்தம் செய்தால் வேகம் கூடாது, எடை குறையாது, பார்க்க அழகாகவும் ஆகாது. கெட்டுப்போவதும் அப்படித்தான், ஆரவாரம் இல்லாமல் கெடும். செயின் அறுந்தால் சைக்கிள் நின்றுவிடும். ஹெட்செட் பேரிங் கெட்டால் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்கிற நினைப்பில்தான் பிரச்சினையே.

பேரிங் தேய்வது குற்றமில்லை. ஃபிரேமும் ஃபோர்க்கும் தேயாமல் இருப்பதற்காகத் தான் தேய்ந்துகொள்கிற பாகம் அது. அதைத் திறந்து பார்க்காமலே விடுவதுதான் குற்றம். திறக்க முடியாதபடி சைக்கிளைச் செய்து விற்பது அதைவிடப் பெரிய குற்றம்.

முதலில் அது எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். முதல் எதிரி தண்ணீர். முன்சக்கரம் வாரி இறைக்கிற சேற்றுத் தண்ணீர் நேராகப் போய் அடிப்பது கீழ் பேரிங்கில். மேடு பள்ளத்தின் பாரம் அதிகம் விழுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, பைக்குகளுக்குச் செய்வதுபோல சைக்கிளையும் வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சேறு போகிறதோ இல்லையோ, பேரிங்குக்குள் இருக்கிற கிரீஸ் போய்விடும். பிறகு துரு தானாக வரும்.

இரண்டாவது எதிரி கொஞ்சம் விசித்திரமானது. சக்கரத்து அச்சில் இருக்கிற பேரிங் எந்நேரமும் சுழல்கிறது, அதனால் அதன் குண்டுகள் புதிது புதிதாகக் கிரீஸைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஹெட்செட் அப்படியில்லை. பெரும்பாலான நேரம் ஹேண்டில்பார் நேராகத்தான் இருக்கிறது. குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நாளடைவில் அந்தந்த இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் நேர்கோட்டில் வந்ததும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கும்.

சாலைக் குழிகளில் இறங்கி அடி வாங்கியதால் வந்த பள்ளம் இது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1981-இல் 'தி பைசிக்கிள் வீல்' என்ற புத்தகத்தை எழுதிய பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோர்க் முன்னும் பின்னும் மிக நுண்மையாக வளைகிறது, அந்த அசைவில் குண்டுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கிற கிரீஸ் ஒதுங்கிவிடுகிறது, உலோகத்தோடு உலோகம் உரசிப் பள்ளமாகிறது என்பது அவருடைய விளக்கம். இது வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. அடிதான் காரணம் என்றால், மலைப்பாதையில் ஓட்டுகிறவர் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதுதான். கிரீஸ் இல்லாததும் ஒரு காரணம் என்றால், கையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு பெரியது? சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை ஃபோர்க்கும் ஃபிரேமும் சேருகிற இடத்தில் வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. அடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்ப வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தால் உள்ளே அழுக்கு அல்லது துரு. நடுவில் டக்கென்று நின்றால் பள்ளம். இவ்வளவுதான் சோதனை!

தளர்ந்த ஹெட்செட்டோடு ஓட்டுவது சின்ன விஷயமில்லை. முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஃபோர்க் உதறும். ஒவ்வொரு அடியிலும் கப்புகள் ஃபிரேமின் குழாயை இடித்து, அதன் வட்டத்தையே கெடுத்துவிடும். அதற்கப்புறம் எந்த பேரிங்கைப் போட்டாலும் நிற்காது. பள்ளம் விழுந்த ஹெட்செட் வேறு மாதிரி ஆபத்து. சைக்கிள் நேராகப் போவதே நுண்மையான திருத்தங்களால்தான். அந்தத் திருத்தத்தைப் பேரிங் தடுத்தால், இறக்கத்தில் வேகமாக வருகிறவர் கையில் வண்டி நிற்காது.

இப்போது வருகிற மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் மரையில்லாத ஹெட்செட் கொண்டவை. ஜான் ரேடர் என்பவருக்கு 1992-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த வடிவமைப்பின் வழி வந்தவை. பெரிய பெரிய ஸ்பேனர்கள் தேவையில்லை. ஆலன் கீ செட் ஒன்று போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். பிறகு மேல் மூடியின் போல்ட்டை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் திருக வேண்டும். ஹேண்டில்பாரைச் சக்கரத்துக்கு நேராக வைத்துவிட்டு, கடைசியில் பக்கவாட்டு போல்ட்டுகளை ஸ்டெமில் எழுதியிருக்கிற அளவுக்கு இறுக்க வேண்டும். பலர் செய்வது தலைகீழ். பக்கவாட்டு போல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேல் மூடியைப் போட்டு முறுக்குகிறார்கள். ஃபோர்க்கைப் பிடித்து வைத்திருப்பது மேல் மூடி இல்லை, ஸ்டெம்தான். மூடியின் வேலை பேரிங்குக்குச் சரியான அழுத்தம் கொடுப்பதோடு முடிந்தது.

திறந்து கிரீஸ் போடுவதும் இதன் தொடர்ச்சிதான். ஸ்டெமைக் கழற்றினால் ஃபோர்க் கீழே இறங்கிவிடும், ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பேரிங்குகள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது. பழைய கிரீஸைத் துடைத்து, பேரிங் உட்காருகிற தளத்திலும் அதன் வெளிப்பக்கத்திலும் புதுக் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். ஸ்ப்ரே ஆயில் அடித்து விடுவது வைத்தியம் இல்லை, அது இருக்கிற கிரீஸையும் கரைத்து வெளியேற்றும். துடைத்த பிறகும் பேரிங் கரகரத்தால் மாற்ற வேண்டியதுதான். அதன் உடம்பிலேயே பெரும்பாலும் அளவு பொறித்திருப்பார்கள். பழைய பேரிங்கைக் கையோடு கடைக்குக் கொண்டு போனால் வேலை முடிந்தது.

விலை குறைந்த மலைச் சைக்கிள்களில் இன்றும் கப்பும் குண்டுகளும்தான். இதில் ஒரு வசதி உண்டு. கூட்டில் கோத்த குண்டுகளுக்குப் பதிலாக, கூடு இல்லாமல் கூடுதல் எண்ணிக்கையில் உதிரிக் குண்டுகளைப் போட்டால் அவை பழைய பள்ளங்களில் ஒன்றுபோல உட்காராது. கப்பையே மாற்றாமல் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். 2008-இல் மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் எழுதி வைத்துவிட்டுப் போன யோசனை இது.

தமிழ்நாட்டு சைக்கிள் கடைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 'ஓவர்ஹாலிங்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஓவராயில்' என்று ஆக்கி வைத்திருக்கிறார்களே, அந்த வேலையே இதுதான். எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து மாட்டுவது. ஆனால் இன்று வாடிக்கையாளர் போய்ச் சொல்வது, "அண்ணே, ஹேண்டில் ஆடுது, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க" என்பதுதான். அவரும் டைட் பண்ணி விடுகிறார். கேட்டது கிடைத்தது, நோய் உள்ளேயே இருக்கிறது. "ஓவராயில் பண்ணுங்கண்ணே" என்று கேட்காதது யார் தப்பு?

"சீல்டு பேரிங்தானே, அதற்கு எதற்கு மெயின்டெனன்ஸ்?" என்று ஒரு கேள்வி வரும். சீல் என்பது ஒரு ரப்பர் உதடு. தூசியையும் தண்ணீரையும் அது தாமதப்படுத்தும், நிரந்தரமாகத் தடுக்காது. 1976-இல் தொடங்கிய கிரிஸ் கிங் நிறுவனத்தின் ஹெட்செட்கள் சீல்டு பேரிங்குக்குப் பேர்போனவை. அந்த பேரிங்கிலேயே சீலைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு மூடுவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நன்றாகச் செய்தவர்களே திறக்க வழி வைத்திருக்கும்போது, திறக்கவே வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?

இந்த விளையாட்டின் வரலாறும் கிரீஸில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976 அக்டோபர் 21 அன்று, பழைய பலூன் டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கும் போட்டி ஒன்றை நடத்தினார்கள். மலைச் சைக்கிளின் முன்னோடிகளான கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் ஓடிய களம் அது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தச் சைக்கிள்களில். ஒரு தடவை இறங்குவதற்குள் பின் அச்சுக்குள் இருக்கிற கிரீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அதாவது, மறுபடி அடை! ஓட்டுகிறவரும் பழுது பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்த காலம்.

இன்றைக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். 2020-களில் வந்த பல மலைச் சைக்கிள்களில் பிரேக் ஹோஸையும் கியர் கேபிளையும் ஹெட்செட் வழியாகவே ஃபிரேமுக்குள் விடுகிறார்கள். வெளியே வயரே தெரியாது, படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் மேல் பேரிங்கை மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டி பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும். பேரிங் விலை அதேதான், கூலிதான் ஏறுகிறது.

காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. சொத்து வருடா வருடம் தேயும், அதை ஏட்டில் எழுதியாக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு நல்ல பராமரிப்பை அனுமானித்துக்கொண்டுதான் போடப்படுகிறது. கிரீஸுக்கும் குண்டுக்கும் ஆகிறது வருவாய்ச் செலவு, சில நூறு ரூபாயில் முடியும். அதை மிச்சம் பிடித்துவிட்டு ஃபிரேமையே இழப்பது மூலதன நஷ்டம். முதல் வருட மாணவர்கூட எது லாபம் என்று சொல்லிவிடுவார்.

எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து கிரீஸ் வைக்கலாம், அல்லது வைக்கச் சொல்லிக் கேட்கலாம். புதுச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள், எத்தனை கியர் என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம்: "இதோட ஹெட்செட்டை எப்படிக் கழற்றுறது?" கடைக்காரர் தயங்காமல் ஆலன் கீயை எடுத்துக் காட்டினால், அந்தச் சைக்கிளை நம்பி வாங்கலாம்.