கடலில் சிந்திய எண்ணெய் எவ்வளவு?

துறைமுகத்திற்குள் நுழையும் ஒரு சரக்குக் கப்பல் இன்ன மணியில், இன்ன நிமிஷத்தில், இன்ன இடத்தில் இருந்தது என்பதை இன்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். கப்பலில் பொருத்தப்பட்டுள்ள தானியங்கி அடையாளக் கருவி, ஓட்டத்தின்போது வேகத்திற்கு ஏற்ப 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டு நிற்கும்போது 3 நிமிஷங்களுக்கு ஒரு முறையும் கப்பலின் நிலையை வானொலி வழியே அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கப்பலைச் செலுத்தும் அறையில் பேசப்படும் பேச்சுக்களைக்கூடப் பயணப் பதிவுப் பெட்டி ஒன்று சேமித்து வைக்கிறது. ஆனால், அதே கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதி எரியெண்ணெய் கடலில் சிந்தும்போது, எவ்வளவு சிந்தியது என்று கேட்டால், காலையில் ஒரு விடையும் மாலையில் வேறொரு விடையும், வாரம் கழித்து இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது விடையும் கிடைக்கின்றன. அசைவை வினாடிக் கணக்கில் அறிந்து வைத்திருக்கும் நாம் எண்ணெயை ஏன் கண்மதிப்பில் விட்டுவிடுகிறோம் என்பதே ஈண்டு எழுப்ப விரும்பும் கேள்வி.

மும்பைத் துறைமுகப் பகுதியில் நிகழ்ந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் காலை, ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு வெளியேறிக்கொண்டிருந்த 'எம்.எஸ்.சி. சித்ரா' என்னும் சரக்குக் கப்பலும், மும்பைத் துறைமுகத்தை நோக்கி உள்ளே வந்துகொண்டிருந்த 'கலீஜியா-3' என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. இரு துறைமுகங்களுக்கும் செல்லும் கப்பல்களுக்கு அங்கே பிரதான வழி ஒன்றே. சித்ரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதிலிருந்த சுமார் 1,200 சரக்குப் பெட்டகங்களில் பல கடலில் சரிந்து மிதக்கலாயின. மாலுமிகள் உயிர் தப்பினர். கப்பல் வழி அடைபட்டுப் பல நாள் போக்குவரத்து தடைப்பட்டது. மழைக்கால அலைகள் எண்ணெயை ராய்கட் மாவட்டத்துக் கரையோரம் வரை கொண்டுசென்று அலையாத்திக் காடுகளின் வேர்களில் அப்பின. மீன் உண்பதற்கு மக்கள் அஞ்சவே, கோலி மீனவர்களின் பிழைப்பு வாரக்கணக்கில் கெட்டது.

சித்ராவின் தொட்டிகளில் அன்று ஏறத்தாழ 2,600 டன் எரியெண்ணெய் இருந்தது. கடலில் கலந்தது சுமார் 800 டன் என்று பின்னர் கூறப்பட்டது. 'சுமார்' என்ற அச்சிறு சொல்லில் எத்தனை குடும்பங்களின் நஷ்ட ஈடு அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடலின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பார்த்து அளவு சொல்லுதல் எத்துணைக் கடினம் என்பதைக் கணக்கு விளக்கும். வெள்ளி போன்ற மெல்லிய பளபளப்பாகத் தோன்றும் படலத்தின் கனம் ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர் எண்ணெயே அதில் இருக்கும். எண்ணெயின் சொந்த நிறமாகிய கறுப்பு இடைவெளியின்றித் தெரியுமாயின் கனம் 200 மைக்ரானுக்கு மேல். அதே பரப்பில் இரண்டு லட்சம் லிட்டருக்கும் அதிகமாக இருக்கும். விமானத்திலிருந்து நோக்குபவர் பரப்பை எளிதாக அளந்துவிடுவார். கனத்தை அளக்க அவருக்கு வழியில்லை. எண்ணெயின் பெரும்பகுதி படலத்தின் மிகச் சிறிய பகுதியில்தான் திரண்டு நிற்கும். ஆகவே, விரிந்த பளபளப்பைக் கண்டு நடுங்குபவரும், சிறிய கருந்திட்டைக் கண்டு அலட்சியம் செய்பவரும் ஒருங்கே ஏமாறுகின்றனர்.

கரை சேர்ந்த பின்போ வேறொரு சிக்கல் எழுகிறது. கப்பல்கள் எரிக்கும் கன எரியெண்ணெய் பெட்ரோலைப் போல் ஆவியாகி மறைவதன்று. நீரின் அடர்த்திக்குச் சற்றே குறைந்த அடர்த்தியுடைய அக்குழம்பைச் சூடேற்றினால்தான் குழாயில் செலுத்த முடியும். அது அலைகளால் கடையப்படும்போது நீரைத் தன்னுள் வாங்கிப் பழுப்பு நிறக் களியாக மாறுகிறது. அக்களியில் நூற்றுக்கு 70 பங்கு நீர் என்று கொண்டால், சிந்திய 100 டன் எண்ணெய் கரையில் 330 டன்னுக்கு மேற்பட்ட களியாக வந்து ஒதுங்கும். மணலும் குப்பையும் சேர்ந்தால் இன்னும் பெருகும். மீனவர் தம் கண்ணால் கண்ட களியைச் சொல்கிறார். அதிகாரி தொட்டியிலிருந்து ஒழுகிய எண்ணெயைச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் பொய்யர் என்று கருதும் அளவிற்கு வழக்கு முற்றுகிறது. உண்மையில் இருவரும் இருவேறு பொருள்களை அளக்கின்றனர்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அதிகாலை எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தை அடுத்து 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' ஆகிய இரு கப்பல்கள் மோதியபோது இது தெளிவாக விளங்கிற்று. முதலில் சொல்லப்பட்ட அளவு மிகச் சிறிது. நாட்கள் செல்லச் செல்ல அது பன்மடங்காயிற்று. இதற்கிடையே மாணவரும் மீனவரும் கடலோரக் காவல் படையினரும் பாறை இடுக்குகளில் நின்று வாளிகளால் களியை அள்ளினர். வாளியை இழிவாகக் கூறுதல் நம் நோக்கமன்று. இறுகிப்போன களிக்குப் பல உறிஞ்சு கருவிகள் உதவா. ஆயினும், வரப்போவது எவ்வளவு என்று முதல் நாளே தெரிந்திருந்தால், எத்தனை ஆட்கள், எத்தனை கையுறைகள், அள்ளியதைக் கொட்ட எத்தனை தொட்டிகள் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருக்கலாம்.

முதல் நாளே தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு, அது பழமையான வழி. ஒவ்வொரு எரியெண்ணெய்த் தொட்டிக்கும் மேல்தளத்திலிருந்து இறங்கும் குழாய் ஒன்று உண்டு. முனையில் பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை அதனுள் இறக்கி, எண்ணெய் நனைத்த இடத்தைப் பார்த்து ஆழம் அறிவர். கப்பலின் சாய்வுக்கும் எண்ணெயின் வெப்பத்திற்கும் திருத்தம் செய்து, தொட்டிக்குரிய அட்டவணையிலிருந்து கன அளவைக் கணக்கிடுவர். இது இயந்திர அறையினரின் வழக்கமான வேலை. எண்ணெய் ஏற்றியபோது பெற்ற ரசீதை 3 ஆண்டுகள் கப்பலில் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மோதலுக்கு முன் இருந்தது இவ்வளவு, பின் எஞ்சியிருப்பது இவ்வளவு, பிற தொட்டிகளுக்கு மாற்றியது இவ்வளவு என்று கூட்டிக் கழித்தால் விடை வரும்.

2025-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா-3' மூழ்கியபோது, அதிலிருந்த டீசல் 84.44 டன் என்றும், பர்னஸ் எண்ணெய் 367.1 டன் என்றும் உடனே அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். தசமப் புள்ளி வரை சென்ற இக்கணக்கு எங்கிருந்து வந்தது? ஏடுகளில் இருந்ததனால் வந்தது. கழித்தலின் முதல் எண் எப்போதும் நம் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டாம் எண்ணைத்தான் யாரும் விரைந்து கேட்பதில்லை.

மாறான வாதங்களையும் புறக்கணித்தல் முறையன்று. சித்ராவைப் போல் மிகச் சாய்ந்துவிட்ட கப்பலில் நாடாவை இறக்குதல் இயலாது. அதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்வாரும் இலர். தொட்டி உடைந்து கடல்நீர் உட்புகுந்திருந்தால் அளவு பிழைபடும். இத்தகைய நிலையில் 'குறைந்தது 50 டன், கூடினால் 200 டன்' என்று எல்லைகளைச் சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் எந்த அளவையும் பிழையெல்லையுடனேயே எழுதுகிறோம். துறைமுக அறிக்கைக்கு மட்டும் விலக்கு எதற்கு? அளவு சொன்னால் வழக்கில் பொறுப்பு தலைமேல் விழும் என்று கப்பல் உரிமையாளர் அஞ்சுவது புரிகிறது. ஆனால், தீங்கு தரும் பொருள் கடலில் கலந்தால் அதன் வகையையும் அளவையும் தாமதமின்றி அறிவிக்கவேண்டும் என்பது மார்ப்போல் உடன்படிக்கையின் பணிப்பாகும். புதிய கடமை எதையும் நாம் கற்பிக்கவில்லை.

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், சிந்திய எண்ணெய் எத்திசையில் எக்கரையை எப்போது அடையும் என்று காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு கணித்துச் சொல்கிறது. அக்கணிப்புக்கு இடம், நேரம், எண்ணெயின் வகை, அளவு ஆகிய நான்கும் தரப்படவேண்டும். முதலிரண்டையும் அடையாளக் கருவி துல்லியமாகத் தருகிறது. வகையை ரசீது தருகிறது. நான்காவதற்குக் கண்மதிப்பைக் கொடுத்துவிட்டு, 'படம் காட்டியபடி எண்ணெய் வரவில்லையே' என்று கணிப்பாளரைக் குறை கூறுதல் நியாயமாகாது.

ஆகையால், துறைமுக எல்லைக்குள் மோதலோ தரைதட்டலோ நிகழ்ந்த 6 மணி நேரத்திற்குள், பாதுகாப்பாக ஏற முடிந்த கப்பலில் துறைமுக அதிகாரி ஒருவரும் கப்பற் பொறியாளர் ஒருவரும் கூடி எல்லா எரியெண்ணெய்த் தொட்டிகளையும் அளந்து, அதைப் பிழையெல்லையுடன் வெளியிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பின்னர் எண் மாறினால், ஏன் மாறிற்று என்பதையும் அதே அறிக்கையில் எழுதவேண்டும். மறைக்காமல் திருத்தப்படும் எண்ணை மக்கள் நம்புவார்கள். ஓசையின்றி மாறும் எண்ணை நம்பமாட்டார்கள்.

இத்துடன் இன்னொரு வேலையையும் சேர்க்கலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு. எண்ணெய் ஏற்றும்போது எடுத்து முத்திரையிட்ட மாதிரி ஒன்றை 12 மாத காலமாவது வைத்திருக்க விதி உள்ளது. எண்ணெயிலுள்ள ஹோப்பேன் முதலிய சேர்மங்களின் விகிதம் கைரேகை போன்றது, எளிதில் சிதையாது. கரையில் ஒதுங்கிய களியை முத்திரையிட்ட மாதிரியுடன் ஒப்பிட்டால், அது எந்தக் கப்பலின் எண்ணெய் என்பது தெரிந்துவிடும். இலகுவான பகுதிகள் ஆவியாகு முன்னரே, முதல் நாள் மாலைக்குள், கடலிலும் கரையிலும் சில இடங்களில் எண்ணெயைக் கண்ணாடிச் சீசாக்களில் எடுத்து, இடமும் நேரமும் எழுதி, குளிர்ந்த இருட்டறையில் வைத்துவிடவேண்டும். பிளாஸ்டிக் சீசா கூடாது. அதிலிருந்து கரையும் பொருள்கள் சோதனையைக் குழப்பிவிடும். மீனவர் சங்கத்திலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவரது கையெழுத்தையும் சீட்டில் பெற்றுக்கொள்வது நலம்.