புள்ளமடுவம் யாருக்கு?

சின்னப் பிள்ளையை எங்கே விடலாம் என்று கொழும்பில் ஒரு பெற்றோர் கேட்டால் பத்துப் பதில் கிடைக்கும். கட்டணம் எவ்வளவு, கமெரா இருக்கா, இங்கிலீஷ் பேசுறாங்களா என்றெல்லாம் பார்த்துத் தெரிவு செய்வாங்க. பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்தெடுக்கப் போற அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டால் சிரிப்பாங்க. புள்ளமடுவம் இருக்கு, இல்லாட்டி அம்மாயி இருக்கிறாங்க. ரெண்டும் இல்லாட்டி மூத்த பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாது.

புள்ளமடுவத்தை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. இந்த நாட்டில் கூலி வேலைக்குப் போகும் மற்றத் தாய்மாருக்கு அதுவும் கிடையாது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் (நம்ம ஆக்கள் சொல்ற 'ட்ரஸ்ட்') ஊடாகப் பல மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி எடுத்த பொறுப்பாளர், விளையாட்டுச் சாமான், சுவரில் படங்கள். வெறும் தொட்டில் கட்டின காலத்தோடு பார்த்தால் பெரிய மாற்றம்தான்.

ஆனா மடுவத்தைக் கட்டினது பிள்ளைக்காக இல்லை, கொழுந்துக்காக. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலேயே இந்தக் கணக்கு இருக்கு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய்க்கு நாளுக்கு ரெண்டு இடைவேளை. மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அதாவது மடுவம் வைத்த தோட்டத்துக்கு ஒவ்வொரு தாயிடமும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் லாபம்.

அதனால்தான் பல இடங்களில் தாய்க்குச் செக்ரோலில் பேர் இருக்கிற வரைக்கும்தான் பிள்ளைக்கும் இடம். இன்றைக்கு லயத்தில் எல்லாரும் மலைக்கா போறாங்க? ஒருத்தி பண்டாரவளையில் துணிக்கடையில் நிக்கிறா, இன்னொருத்தி எல்ல பக்கம் ஹோட்டலில் அறை கூட்டுறா. அவங்க பிள்ளைகளும் அதே லயத்தில்தான் வளருதுகள். மடுவம் சாத்துறது மலை வேலை முடியிற நேரத்துக்கு. டவுனில் இருந்து கடைசி பஸ்ஸில் வாற அம்மாவுக்கு அந்த நேரம் எந்தப் பிரயோசனமும் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் தரவில்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்குப் போஷாக்குக் கொடுப்பனவு இருக்கு, திரிபோஷா இருக்கு. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் 84 நாள் லீவு. அந்த 85ஆவது நாளில் இருந்து முதலாம் வகுப்பு வரைக்கும் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் அரசின் கணக்கில் இல்லை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 வீதம். இந்தப் பிள்ளைகள் குன்றிப் போறது அந்த வயதில்தான்.

2013இல், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. 2022இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்று தாயிடம் கேட்டார்கள். தகப்பனிடம் கேட்கவில்லை. நாங்கள் பார்க்கிறோம் என்று அரசும் சொல்லவில்லை.

பெற்றோருக்குக் காசாகவே கொடுத்தால் அவங்களே தெரிவு செய்வாங்களே என்று சிலர் கேட்கலாம். அம்மாயியின் உழைப்புக்கும் ஏதோ கிடைக்கும் என்றால் நல்லதுதான். ஆனா மலை உச்சியில் இருக்கிற ஒரு டிவிஷனில் அந்தக் காசைக் கொண்டு போய் எந்தப் பராமரிப்பு நிலையத்தில் கட்டுறது? காசு கோதுமை மாவாகும், பிள்ளை வீட்டு வாசலிலேயே இருக்கும்.

புள்ளமடுவத்தைச் செக்ரோலில் இருந்து பிரிக்க வேணும். லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது திறந்திருக்கணும், பின்னேரம் பஸ் வாற வரைக்கும் திறந்திருக்கணும், ஆயாவுக்கு ஒழுங்கான சம்பளம் இருக்கணும். முன்பு இதைக் கேட்டால் தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்பார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டு இல்லை. ஹாலி-எல, பசறை, லுணுகலை சபைகளில் அடுத்த பாதீடு வாசிக்கிற நாளில் நாங்கள் வாக்குப் போட்ட உறுப்பினர்களிடம் கேட்போம்: ரோட்டுக்கும் லைட்டுக்கும் ஒதுக்கின பிறகு, புள்ளமடுவத்துக்கு எவ்வளவு?