குடியை விட்ட மூன்றாம் நாள்

நம் கூட்டங்களில் குடியைப் பற்றிப் பேசாத தோழர் இல்லை. டாஸ்மாக்கை மூடு, குடியை விடு, பிள்ளையைப் படிக்க வை என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, பதினைந்து ஆண்டுகளாக விடிந்ததும் குடிக்கிற ஒருவர் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று முடிவெடுத்தால், அடுத்த மூன்று நாள்களில் அவர் உடம்புக்கு என்ன நடக்கும் என்பதை நாம் சொல்வதில்லை. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் மருத்துவ உதவியில்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போகலாம். மருத்துவம் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. நம் தெருக்களுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மது மூளையின் வேகத்தை அடக்கும். ஆண்டுக்கணக்கில் அடக்கப்பட்ட மூளை, அதை ஈடுகட்டத் தன்னைத்தானே முடுக்கிவிட்டுப் பழகிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றுவிட்டால் அடக்குவதற்கு ஆளில்லை, முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஒரு சிறு பகுதியினருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்கிற நிலை வரும். இடம், காலம், ஆள் அடையாளம் தெரியாது. இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சரியான சிகிச்சை கிடைத்தால் இன்று அது 100க்கு 5 பேருக்கும் குறைவு.

இந்த மூன்றாம் நாளுக்கு நம் ஊர்களில் வேறு பெயர் உண்டு. "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்பார்கள். செத்துப்போன அப்பாவோடு பேசுகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார் என்றால் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போவார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பார்கள். கார்த்திகையில் மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்தியவர் நாலாம் நாள் விழுந்துவிட்டால் "சாமி குத்தம்" என்று முடிந்துபோகிறது.

நானும் நிறுத்தியவன்தான். முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எட்டு நாள் படுத்திருந்தேன். முதல் இரவு தண்ணீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. போர்வை நனையும் அளவுக்கு வியர்த்தது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் நானே பல் துலக்கினேன். இதில் என் மனஉறுதி செய்த வேலை குறைவு. படுக்கையும் மாத்திரையும், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனும்தான் என்னைக் கரை சேர்த்தார்கள். ஆராய்ச்சி உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. எட்டு நாள் துறைக்குப் போகாததால் எனக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

அடுத்த ஆண்டு என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், குடியை நிறுத்தப் பார்த்தார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை. "உள்ள எறங்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங் போடலைன்னா நாத்தத்துக்குக் கொடல் வெளிய வந்துடும்டா" என்பார். மாலை போட்டு நிறுத்தினார். இரண்டாம் நாள் நடுக்கம். மூன்றாம் நாள் காலை வேலைக்கு வராவிட்டால் ஆள் மாற்றிவிடுவேன் என்று மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. ஒரு குவார்ட்டர் போட்டதும் கை நின்றது. வேலைக்குப் போனார். அன்று ராத்திரி சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மாலையைக் கழட்டிட்டுக் குடிச்சான் பார், வைராக்கியம் இல்லாத பய." அவர் மீண்டும் குடித்தது வைராக்கியம் இல்லாததாலா? நடுக்கத்தை நிறுத்த அவருக்குக் கிடைத்த ஒரே மருந்து அதுதான். எனக்குக் கிடைத்த மாத்திரையும் எட்டு நாள் விடுப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படி நிறுத்தி நிறுத்தித் தொடங்கும்போது அடுத்தடுத்த முறை வலிப்பு வரும் ஆபத்தும் கூடுகிறது.

இங்கேதான் சாதி வருகிறது. ஊரில் இருப்பவர் குடித்தால் அவருக்கு மனக்கவலை. சேரியில் இருப்பவர் குடித்தால் அது அவர் பிறவிக் குணம். மலத்தையும் பிணத்தையும் ஒரு சமூகத்தின் கையில் திணித்துவிட்டு, அந்த வேலையைச் செய்ய மரத்துப்போன உடம்பு தேவைப்படுகிற நிலையையும் உண்டாக்கிவிட்டு, அவர்கள் குடிப்பதையே அவர்களின் இழிவுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 'மனஉறுதி இல்லை' என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. நோயை ஒழுக்கக் குறையாக மாற்றி, மருத்துவமனை செய்ய வேண்டியதைத் தனிமனிதனின் தலையில் கட்டுகிறது. இந்தச் சொல்லை எதிரிகள் மட்டும் பயன்படுத்தவில்லை, நம் தோழர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். மார்ச் 24 முதல் மே 7 வரை தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மூடியிருந்தன. ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே நாளில் குடியை நிறுத்த வைத்தார்கள். கடையை மூடிய அளவுக்கு மாத்திரையையும் படுக்கையையும் பற்றி யாரும் பேசவில்லை. சவர லோஷனையும் வார்னிஷையும் குடித்து இறந்தவர்களின் செய்திகள் வந்தன, நாம் சிரித்துக் கடந்தோம். கேரளத்தில் தற்கொலைகள் நடந்ததும், மருத்துவர் சீட்டு இருந்தால் மது தருவதாக அரசு ஆணை போட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, உயர் நீதிமன்றம் சில நாள்களில் தடை விதித்தது. மது தருவது சிகிச்சை அல்ல என்று மருத்துவர்கள் சொன்னது சரி. ஆனால் எந்த மாநிலத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, சிகிச்சை எங்கே என்பதுதான்.

நடுவண் அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு 2023-24இல் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் பாதிப்பையும் மனநோய்க்கான வரையறைக்குள் கொண்டுவருகிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே அடித்துத் திருத்துகிற 'மறுவாழ்வு மையம்' சட்டப்படியும் குற்றம். இந்த உரிமையைக் கேட்டு நாம் எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தியிருக்கிறோம்?

மதுவிலக்குக் கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அந்தத் தெருவில் நின்று கடையை மூடு என்று கேட்கும் பெண்களுக்கு எதிராகப் பேச எனக்கு நாக்கு வராது. என் கோரிக்கை கூடுதலானது. கடையை மூடச் சொல்லும் அதே தீர்மானத்தில், வட்ட மருத்துவமனை வரை மதுமீட்புப் படுக்கை, இலவச மருந்து, தூய்மைப் பணியாளருக்கும் தினக்கூலிக்கும் சிகிச்சை நாள்களுக்கான ஊதியத்தோடு விடுப்பு என்பதையும் எழுதுங்கள். அதில்லாமல் கடையை மட்டும் மூடினால், மூன்றாம் நாள் நடுங்குகிற கை பாக்கெட் சாராயத்தைத் தேடும்.

இன்னொன்று. "காவலில் இருந்தபோது வலிப்பு வந்து இறந்தார்" என்ற காவல்துறை வாக்கியம் நமக்குப் பழக்கமானது. உடற்கூறாய்வு கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். கூடவே இதையும் கேட்க வேண்டும்: உண்மையிலேயே குடி நின்று வலிப்பு வந்தது என்றால், காவலில் எடுத்த முதல் நாளே மருத்துவரிடம் ஏன் காட்டவில்லை? வலிப்பு என்பது காவல்துறைக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. அலட்சியத்துக்கான ஒப்புதல் வாக்குமூலம் அது.

கோரிக்கை வெல்லும்வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரிடம், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவரிடம், "இன்றே நிறுத்து" என்று சொல்லாதீர்கள். "நிறுத்தலாம், மருத்துவமனையில் நிறுத்தலாம், நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது சிலருக்கு நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடலாம். வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பிதற்றுகிறவரைத் தனியே விடாதீர்கள், விளக்கை எரிய விடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருங்கள்.

நம் அமைப்புகளில் ரத்ததானப் பட்டியல் இருக்கிறது. நள்ளிரவில் காவல் நிலையத்துக்கு ஓடக்கூடிய வழக்கறிஞர் பட்டியல் இருக்கிறது. குடியை நிறுத்துகிற தோழரோடு ஐந்து ராத்திரி மருத்துவமனையில் உட்காரக் கூடியவர்களின் பட்டியல் ஒன்றையும் ஒவ்வொரு கிளையும் எழுதிவைக்கட்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறி, குடியை விடு என்று சொல்லுவோம்.